சொல்லாதே என்று சொன்ன மாமன்

என் டெலிபோன் பூத்தில் உட்கார்ந்து, நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, முகம் தெரியாத ஒருவனுக்குத் தன் பெயர், பள்ளிக்கூடம், வீட்டில் தனியாக இருக்கும் நேரம், வீட்டுச் சாவி இருக்கும் இடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவள் தலைக்கு மேலே 'அந்நியரிடம் பேசாதே' என்று ஒரு போர்டும் தொங்கியது.

பூத் தொழில் என்பது அடுத்தவன் பேச்சைக் கேட்டுவிட்டு, கேட்காத முகத்தோடு இருப்பது. தொண்ணூறுகளில் இந்தத் தொழில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். உங்கள் காதும் என் காதைப் போலக் கெட்டுத்தான் போயிருக்கும். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருபத்தோரு வருஷம் ஒயரோடு கிடந்தவன் என்பதால் எனக்கு பூத் கொடுத்தார்கள். கேரள எல்லையோரம், குன்னத்துகாலில் இருந்து வெள்ளறடை போகிற ரோட்டில், ஒரு எல்.பி. ஸ்கூலுக்கு நேர் எதிரே. ஒன்று முதல் நாலு வரை வகுப்பு. தமிழுக்கு ஒரு டிவிஷன், மலையாளத்துக்கு ஒரு டிவிஷன். சத்தம் மட்டும் இரண்டுக்கும் பொது.

எல்லாரும் மாமன்

எங்கள் பக்கத்தில் மீசை முளைத்தவன் எல்லாம் பிள்ளைகளுக்கு மாமன். பஸ் கண்டக்டர் மாமன். தேங்காய் வெட்ட வருகிறவர் மாமன். போலீஸ்காரர் மாமன், அவர் தேடி வந்த ஆளும் மாமன். நான் பட்டாளத்து மாமன். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று ஊருக்கு இதில் பெரிய பெருமை.

ஒரு ஜூன் மாசம். கொட்டுகிற மழை. ஒன்றாம் வகுப்புப் பயல் ஒருத்தன் நனைந்துகொண்டே என் கடைக்குள் வந்து நின்றான். காலையில் அவன் புதுக்குடையோடு போனதை நான் பார்த்திருக்கிறேன். "குடை எங்கலே?" என்றேன். ஒரு மாமன் கேட்டாராம், கொடுத்தானாம். "எந்த மாமன்?" என்று அதட்டினேன். பயல் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "குடை இல்லாத மாமன்."

உரலுக்கு அடியில்

அப்போது பத்து வீட்டுக்கு என் போன்தான் போன். கல்ஃபிலிருந்து யாராவது கூப்பிட்டால், "பத்து நிமிஷம் கழிச்சு விளி" என்று சொல்லி வைத்துவிட்டு, நான் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வரவேண்டும். அறுபது வயசில் பட்டாளத்தை விட அதிகம் ஓடியது இதற்குத்தான்.

அப்படி ஒரு நாள் நான் ஓடியிருந்தபோது மணி அடித்திருக்கிறது. கடையில் நின்ற இரண்டாம் வகுப்புக்காரி ரிசீவரை எடுத்துவிட்டாள். நான் திரும்பி வரும்போது பேச்சு மும்முரம். "அப்பா இல்ல மாமா, அம்மை அண்டி ஆபீசுக்குப் போச்சு, அஞ்சு மணிக்கு வரும், சாவி உரலுக்கு அடியில உண்டு." முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனிக்கு எங்கள் ஊரில் அண்டி ஆபீஸ் என்று பெயர், பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் அங்கேதான். நான் ரிசீவரைப் பிடுங்கினேன். ராங் நம்பர். யாரோ நல்ல மனுஷன். நிதானமாகச் சொன்னார்: "சார், நான் நாகர்கோவில்ல சிமெண்டு கடை வச்சிருக்கேன். முதல்ல அந்தச் சாவிய அங்கருந்து எடுக்கச் சொல்லுங்க."

கமிட்டி

ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கமிட்டி கூட்டிவிட்டார். ரப்பர் தோட்டக்காரர் ஒருவர், போனைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும் என்றார். இன்னொருவர், பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததே தப்பு என்கிற மாதிரி அரைமணி நேரம் பேசினார். சாயா வந்தது. வடை வந்தது. கடைசியில் போர்டு எழுதுவது என்று தீர்மானம். தமிழில் 'அந்நியரிடம் பேசாதே'. மலையாளத்தில் 'அபரிசிதரோடு ஸம்ஸாரிக்கருது'. பள்ளிக்கூட வாசலில் ஒன்று, என் கடையில் ஒன்று. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் இரண்டு டிவிஷனும் அதைச் சத்தமாகச் சொல்லவேண்டும்.

சொன்னார்கள். ஒரு மாசம் காது கிழியச் சொன்னார்கள். ஹெட்மாஸ்டர் என் கடைக்கு வந்து, "பார்த்தீரா ஓய், மனப்பாடம்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவர் போன கையோடு மலையாளம் டிவிஷன் மூன்றாம் வகுப்புப் பையன் வந்து, போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "மாமா, இந்த அபரிசிதனுக்கு வீடு எங்கயாக்கும்?"

டப்பா

தொண்ணூற்றொன்பதில் கம்ப்யூட்டர் வந்தது. என் தங்கச்சி மகன் சொல்லிச் சொல்லி வாங்க வைத்தான். அதற்கென்று இன்னொரு போன் லைன் வாங்கி, அந்த ஒயரை அதில் சொருகவேண்டும். கோழி கழுத்தைத் திருகினாற்போல ஒரு நிமிஷம் கத்தும். பிறகு உலகம் வரும் என்றான். கத்தல் மட்டும் தவறாமல் வந்தது.

அண்டி ஆபீசில் வேலை பார்க்கிற ஸ்டெல்லாவின் புருஷன் துபாயில் ஒரு கம்பெனியில் இருந்தான். அங்கே ஆபீசில் கம்ப்யூட்டர் உண்டு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் அங்கே உட்காருவான், இவர்கள் மகள் ஷைனி இங்கே உட்காருவாள். அவன் எழுத்து இவளுக்கு வரும், இவள் எழுத்து அவனுக்குப் போகும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவாள். ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிஷம். அம்மா பின்னால் நின்று, வேலைக்கு நேரமாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். "நீயும் ரெண்டு எழுத்து தட்டு" என்று ஒரு நாள் சொன்னேன். ஸ்டெல்லா சிரித்தாள். "அவியளுக்கு அடிக்கத் தெரியும், இவளுக்கு வாசிக்கத் தெரியும். எனக்கு அழத்தானே மாமா தெரியும்."

சனிக்கிழமை பத்து மணி

அந்தச் சனிக்கிழமை அவள் அப்பன் வரவில்லை. அங்கே என்ன வேலையோ. ஸ்டெல்லா போய்விட்டாள். ஷைனி மட்டும் காத்திருந்தாள். அவர்கள் எழுதிக்கொள்கிற பேச்சு அறை, சாட் ரூம் என்பார்கள், அது சந்தை மாதிரி. யாரும் வரலாம், யாரும் பேசலாம். எனக்கு அது தெரியாது. என் முன்னால் ஒருத்தர் நெய்யாற்றின்கரை வக்கீலோடு முக்கால் மணி நேரம் வாய்தா பற்றிப் போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் அதைக் கேட்காத முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளை டக் டக்கென்று தட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை. அப்பனோடு இவ்வளவு வேகமாகத் தட்டமாட்டாளே என்று எழுந்து போய்ப் பார்த்தேன். கடைசி வரியை வாசித்தேன். 'வியாழாழ்ச்ச உச்சைக்கு ஸ்கூளில் வராம். கண்ணு சிம்முன்ன பாவ கொண்டு வராம். அம்மயோடு பறயல்லே.' வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், கண் சிமிட்டுகிற பொம்மை கொண்டு வருகிறேன், அம்மாவிடம் சொல்லாதே. மேலே உருட்டிப் பார்த்தேன். பெயர், வகுப்பு, வீட்டுக்கு வழி, அம்மா வருகிற நேரம், சாவி. ஒன்று பாக்கியில்லை. ஒயரைப் பிடுங்கினேன்.

"இது யாரு?" என்றேன். "ஒரு மாமன்." போர்டைக் காட்டினேன். "வாசி." மணி மணியாக வாசித்தாள். "பிறகு எதுக்குப் பேசின?" பிள்ளை என்னை ஒன்றும் தெரியாத கிழவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அந்நியர்னா வெள்ளக்காரங்க மாமா. சமூகப் பாடத்தில உண்டு. கப்பல்ல வருவாங்க. இந்த மாமன் திருவனந்தபுரத்தில இருந்து பஸ்சில இல்லியா வாறாரு!"

புகார்

அன்றைக்கே ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். பிள்ளையை அடிக்கக் கை ஓங்கியவள், ஓங்கிய கையாலேயே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைத் திருப்பி ரோட்டைப் பார்க்க வைத்தேன். இனி எவன் என்ன எழுதினாலும் பஸ்சுக்கு நிற்கிறவன் எல்லாம் வாசிக்கட்டும்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர். "போர்டு வச்சிருக்கோமே ஓய்" என்றார். அந்நியர் கதையைச் சொன்னேன். எழுத்தைப் பெரிசாக்கலாமா என்று யோசித்தார். செவ்வாய்க்கிழமை ஒரு போலீஸ் ஸ்டேஷன். எது என்று வேண்டாம். அங்கே புகார் எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். ஆள் பெயர்? தெரியாது. அடையாளம்? தெரியாது. சம்பவ இடம்? கம்ப்யூட்டர். பேனாவை மூடினார். மனசில் கெட்டவர் இல்லை, உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார்: "அம்மாவா, இதினகத்து இரிக்குன்னவனெ ஞான் எங்ஙனெ பிடிக்கும்?" அம்மாவன் என்றால் மலையாளத்தில் மாமன். உள்ளே இருக்கிறவனை எப்படிப் பிடிப்பதாம்.

கடைசியில் என்ன சொன்னான்

அன்று சாயங்காலம் நேசம்மா கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானக் கஞ்சியும் பயறும் வைக்கிறவள். வடக்கே நர்சாக இருக்கிற அவள் மகளிடமிருந்து செவ்வாய்க்கிழமை போன் வரும். என் மூஞ்சியைப் பார்த்து, "என்ன மாமா, செத்த வீட்டில இருக்கது மாதிரி இருக்கிய?" என்றாள். சொன்னேன். அடுப்படிக்காரியிடம் கம்ப்யூட்டரை விளக்குவதா என்றுதான் ஆரம்பித்தேன். அவள் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அவன் அந்தப் பிள்ளைட்ட கடைசியா என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்டாள். அம்மாவிடம் சொல்லாதே என்றான் என்றேன்.

"அது போருமே" என்றாள். வியாழக்கிழமை ஷைனியை வீட்டில் நிறுத்திவிடலாம் என்று ஸ்டெல்லா இருப்பதைச் சொன்னேன். நேசம்மா தலையை ஆட்டினாள். "இவ வரல்லேன்னா அவன் திரும்பிப் போவானா? அடுத்த பிள்ளைட்ட பேர் கேப்பான் மாமா."

கஞ்சிப்புரை

புதன்கிழமை மத்தியானம் கஞ்சிப்புரைக்கு, அதாவது பள்ளிக்கூடத்தில் கஞ்சி வைக்கிற கொட்டகைக்குப் போனேன். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். நேசம்மா அகப்பையோடு ஒவ்வொரு பிள்ளையாகக் குனிந்து காதில் என்னவோ சொன்னாள். கிட்டே போய்க் கேட்டேன். "எனக்க மடியில ஒரு மிட்டாய் உண்டு மக்கா. ஆருட்டயும் சொல்லாதே." முதல் பயல் சமர்த்தாகத் தலையாட்டினான். "நீ தோத்தாச்சு, பின்னால போ" என்றாள். இரண்டாமவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோற்றாள். ஐந்தாவதாக நின்ற முன்பல் விழுந்த பயல் ஒருத்தன் திரும்பி, பின்னால் நிற்கிறவர்களிடம், "எலே, மாமிக்க மடியில மிட்டாய் உண்டு! சொல்லக்கூடாதாம்!" என்று கத்தினான். மிட்டாய் அவனுக்கு.

பிறகு எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். "மாமனாட்டு, மாமியாட்டு, சாராட்டு, ஆரா இருந்தாலும் சரி. எவன் 'சொல்லாதே'ன்னு சொன்னாலும் அத அந்த நிமிசமே கத்திச் சொல்லணும். எங்கிட்ட சொல்லணும், வீட்டில அம்மைட்ட சொல்லணும். சொன்ன பிள்ளைய யாரும் ஏசமாட்டாவ, அதுக்கு நானாக்கும் பொறுப்பு." அதற்குள் இருநூறு பிள்ளைகளும் ஒருவர் ரகசியத்தை ஒருவர் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி தன் சித்தப்பன் கள்ளு குடிக்கிற இடத்தைச் சொன்னாள். ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு ஒழுங்கு வேண்டாமா என்றார். நேசம்மா கஞ்சியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "வாய மூடுறதுக்கு நீங்க படிப்பிச்சாச்சு சார். தொறக்கதுக்கு நான் படிப்பிக்கேன்."

வியாழக்கிழமை

பத்து மணிக்கே பள்ளிக்கூட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கையில் தடி. ஆட்டோ ஸ்டாண்டில் மூன்று பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். ஷைனி கஞ்சிப்புரைக்குள் நேசம்மாவின் கண் முன்னால் இருந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது, "அவரு நெசமாவே மாமன் இல்லியா?" என்று கேட்டாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம் கண் கொட்டாமல் காவல். பன்னிரண்டரைக்கு எதிரே கடையில் மணி அடித்தது. இருபத்தோரு வருஷப் பழக்கம். மணி அடித்தால் கால் தானாக ஓடும். ஓடினேன். ராங் நம்பர்.

அந்த இரண்டு நிமிஷத்தில் அவன் வந்துவிட்டான். முப்பது வயசு இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம், கையில் பொம்மைப் பெட்டி. கண்ணுக்கு நல்ல மாமன். குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை அஞ்சுவிடம் குனிந்து, ஷைனியைக் கூட்டி வரச் சொன்னான். அதோடு நிறுத்தியிருந்தால் அவனுக்கு நல்லது. டீச்சரிடம் சொல்லாதே என்றும் சொன்னான். ரோட்டைத் தாண்டி என் கடை வரைக்கும் கேட்டது அஞ்சுவின் சத்தம்: "நேசம்மா மாமீ! இங்க ஒரு மாமன் சொல்லாதேன்னு சொல்லுது!"

பாராட்டு

இருநூறு பிள்ளைகள் தட்டும் கையுமாக, "சொல்லாதேன்னு சொல்லுது" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தால் எவன் நிற்பான்? பொம்மையைப் போட்டுவிட்டு ஓடினான். மரச்சீனிக் கிழங்குக் காட்டுக்குள் இறங்கியவனை ஆட்டோக்காரர்கள் பிடித்தார்கள். சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம். ஷைனி வீட்டுக்கு வழி வரைந்து, ஐந்து மணி என்று வட்டம் போட்டிருந்தது. அதைப் பார்த்த ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆள் கம்ப்யூட்டருக்கு வெளியே வந்துவிட்டதால் போலீசுக்கும் இந்தத் தடவை சிரமமில்லை. வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். வேறு இடங்களிலும் அவன் மேல் புகார் இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பாராட்டு விழா. போர்டு எழுதி வைத்த முன்யோசனைக்காக ஹெட்மாஸ்டருக்குப் பொன்னாடை. கமிட்டித் தலைவருக்கு ஒன்று. போலீஸ்காரர் விஞ்ஞான வளர்ச்சி பற்றிப் பேசினார். கண்ணும் கருத்துமாகக் காவல் இருந்ததற்காக எனக்கும் ஒரு துண்டு போட்டார்கள். ராங் நம்பர் விஷயத்தை நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ஷைனி முதல் பெஞ்சில் இருந்து தன் அப்பனுக்கு எழுதவேண்டியதை எல்லாம் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். விழா பாதியில் எழுந்து கஞ்சிப்புரைக்குப் போனேன். விருந்தாளிகளுக்குச் சாயா கொதித்துக்கொண்டிருந்தது. "நீ வரல்லியா?" என்று நேசம்மாவிடம் கேட்டேன். "சார்மாரு பேசி முடியட்டு மாமா," என்றாள், "நான் வந்தா இந்தப் பால் பொங்கிப் போவும்."

பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள் என்று அந்த விழா நோட்டீசில் பதினொரு பேருடைய பெயரைப் பட்டத்தோடும் பதவியோடும் தப்பில்லாமல் அச்சடித்திருந்தார்கள். விட்டுப்போன பன்னிரண்டாவது பெயர் மட்டும்தான் சரியான பெயர், அது நேசம்மா.